பையனுக்கு எதற்கு பி.பி. மாத்திரை?

மருந்துக்கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. சீட்டில் குளோனிடின் என்று எழுதியிருக்கிறது. அது ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை என்று அவருக்குத் தெரியும். எதிரே நிற்கும் அம்மாவோ ஒன்பது வயதுப் பையனுக்கு என்கிறார். "சின்னப் பையனுக்கு எதுக்கும்மா பி.பி. மாத்திரை? எதுக்கும் டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். டாக்டர் இருப்பது பெங்களூரில். அடுத்த தேதிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. வீட்டில் மாமியார் ஏற்கெனவே, "இந்த வயசுலயே மாத்திரையைப் பழக்காதே" என்று சொல்லிக்கொண்டிருப்பவர். அன்று இரவே மாத்திரை நின்றுவிடும்.

ஊத்தங்கரையோ திருப்பத்தூரோ ஓசூரோ, எங்கே என்றாலும் இது இப்படித்தான் நடக்கும். மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்துவந்த மாத்திரை ஒரே கேள்வியில் நிற்கும். கண் சிமிட்டல், கழுத்து வெட்டல், தொண்டைச் செருமல் போன்ற டிக் கோளாறுகளுக்கு மருந்து என்றதும் நம்மவர்கள் பயப்படுவது அதை ஆரம்பிப்பதற்கு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதற்கு யாரும் பயப்படுவதில்லை. என்னைக் கேட்டால், பயம் இடம் மாறியிருக்கிறது என்பேன்.

குளோனிடின் உண்மையிலேயே பி.பி. மாத்திரைதான். மூக்கடைப்புக்கென்று ஜெர்மனியில் உருவாக்கப்போய், அது ரத்த அழுத்தத்தை இறக்குகிறது என்று தெரிந்து, 1960-களில் அந்த வேலைக்கு வந்த மருந்து. 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்டு கோஹன் என்ற குழந்தை மனநல மருத்துவரின் குழு, டிக் உள்ள பிள்ளைகளுக்கு இதைச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தது. மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் வேகத்தை இது தணிக்கிறது. சில பிள்ளைகளுக்கு டிக் கணிசமாகக் குறையும். கூடவே கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருந்தால் அவையும் கொஞ்சம் அடங்கும். இன்றைக்கும் பல மருத்துவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் எழுதிப் பார்க்கும் மருந்துகளில் இது ஒன்று.

சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், மாத்திரை அடக்கிவைத்திருந்த வேகம் ஓரிரு நாளில் துள்ளி எழும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலைவலி, படபடப்பு, வியர்வை, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரும். டிக்கும் முன்பைவிட அதிகமாகத் தலைகாட்டும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "பார்த்தியா, அந்த மாத்திரை பண்ணின வேலை" என்பார்கள். மாத்திரையை நிறுத்தியது பண்ணின வேலை அது.

நிறுத்தவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கால் மாத்திரை, அரை மாத்திரை என்று நாள் கணக்கு வைத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் எழுதிக் கொடுத்த டாக்டர்.

எல்லாச் சிமிட்டலுக்கும் மாத்திரையா?

மாத்திரையே தேவைப்படாத பிள்ளைகள்தான் அதிகம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட ஏதோ ஒரு காலத்தில் டிக் வந்துபோகும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் மேல்வரம்பு. சில வாரம், சில மாதம் இருந்துவிட்டுத் தானே மறையும். பலவகை அசைவு டிக்கும், குறைந்தது ஒரு குரல் டிக்கும், ஓராண்டைத் தாண்டியும், பதினெட்டு வயதுக்குள் தொடங்கியும் இருந்தால் அதை டூரெட் கோளாறு என்கிறார்கள். இது ஏறக்குறைய நூறு பிள்ளைகளில் ஒருவருக்கு. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். பெரும்பாலும் ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள் கண்ணில் தொடங்கும். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு பதின்பருவம் முடிவதற்குள் பலருக்குத் தணிந்துவிடும். கெட்ட வார்த்தை தானாக வாயில் வருவதைத்தான் சினிமாக்காரர்கள் காட்டுவார்கள். டூரெட் உள்ளவர்களிலேயே அது பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்குத்தான்.

வரப்போகும் தும்மலைப் போல ஒரு குறுகுறுப்பு முதலில் கழுத்திலோ கண்ணிலோ எழும். அசைத்துவிட்டால்தான் அது தீரும். சிறிது நேரம் அடக்கிவைக்க முடியும் என்பதால்தான் சிக்கலே. வகுப்பில் டீச்சருக்கு முன்னால் அடக்கி உட்கார்ந்திருக்கும் பையன், வீட்டுக்குள் நுழைந்ததும் அரை மணி நேரம் கழுத்தை வெட்டித் தீர்ப்பான். "ஸ்கூல்ல ஒழுங்கா இருக்கான், வீட்ல மட்டும் சேட்டை" என்று அடி விழும். இன்னும் சில வீடுகளில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். கண் என்று கண் டாக்டர், தொண்டை என்று காது மூக்கு தொண்டை டாக்டர், பிறகு நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டானிக் பாட்டில். சரியான இடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றிரண்டு வருடம் போயிருக்கும்.

அமெரிக்க நரம்பியல் கழகம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டிக்கால் பிள்ளையின் அன்றாட வாழ்க்கை கெடவில்லை என்றால் கவனித்துக்கொண்டு காத்திருப்பதே போதும் என்கிறது. சிகிச்சை வேண்டும் என்றால் முதலில் மாத்திரை இல்லாத நடத்தைப் பயிற்சி. குறுகுறுப்பு எழும்போதே கண்டுபிடித்து, அந்த டிக்கைச் செய்ய முடியாதபடி வேறொரு அசைவை வைத்துக்கொள்ளப் பழக்குவது இது. செருமல் வரும்போது மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது, கழுத்து வெட்டு வரும்போது தாடையை இறக்கிக் கழுத்துத் தசையை லேசாக இறுக்கிப் பிடிப்பது போல. 2010-இல் 126 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேல், 52.5 சதவீதம் பேர், நன்றாகத் தேறினார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம். மாத்திரைக்குச் சளைத்ததில்லை. ஆனால் இதைத் தமிழில், அதுவும் வாரா வாரம், சொல்லித்தரும் ஆளை ஊத்தங்கரையில் எங்கே தேடுவது? தாலுகா ஊர்களில் மாத்திரைச் சீட்டு முந்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கழுத்து வலிக்கும் அளவுக்கு வெட்டுகிறான், எழுத முடியவில்லை, தூங்க முடியவில்லை, கிண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றால் மாத்திரை நியாயம். அதற்கு முன்னால் டாக்டர் வேறு சிலவற்றையும் விலக்கிப் பார்ப்பார். வலிப்பு, வாதக் காய்ச்சலுக்குப் பின் வரும் கைகால் ஆட்டம், சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகத் தென்படும் வில்சன் நோய் எனும் தாமிரக் கோளாறு. முதல் தடவை கொஞ்சம் தூரம் போய்க் காட்டுவதில் தவறில்லை என்று சொல்வது இதனால்தான்.

ஓசூர் ரோடு

அந்தத் தூரம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. ஊத்தங்கரையில் பஸ் ஏறி கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை இருப்பதே பெங்களூரு ஓசூர் ரோட்டில்தான். 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவானது அது. குழந்தை மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் இந்த எல்லைப் பகுதிக்கு, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைவிட அதுதான் பக்கம்.

முதல் தடவை போவது சரி. ரத்த அழுத்தமும் எடையும் பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறுவது நீடிக்காது. மூன்றாவது, நான்காவது தேதி தவறும். கையிலிருக்கும் மாத்திரை தீரும். பழைய சீட்டை வைத்து மருந்துக்கடையில் வாங்குவது ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் யாரும் பார்க்காமலே மருந்து ஓடுவது, ஒரே நாளில் நிறுத்துவது என்ற இரண்டு தப்பும் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-லிருந்து தேசியச் சிறார் நலத் திட்டம் இருக்கிறது. பெங்களூரு டாக்டரிடமே, "இடையில் கிருஷ்ணகிரியில் காட்டிக்கொள்ளலாமா, என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டால் பாதி பிரச்சினை தீரும். ரத்த அழுத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் கைப்பட்டையை ஒல்லிக் கையில் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சிறுவர்களுக்கான பட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குளோனிடின் எடுக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணை வைத்துத்தான் அளவை முடிவு செய்கிறார்கள்.

கறுப்புக் கண்ணோடு வந்தவர்

டிக்குக்கு மாத்திரை என்ற எண்ணமே ஓர் ஆயுள்காலத்துக்குள் வந்ததுதான். பாரிஸில் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியது 1885-இல். அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு உருப்படியான மருந்தே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், உள்ளத்தில் அடங்கிக் கிடக்கும் கோபம்தான் டிக்காக வெளிவருகிறது என்று சொல்லி, தாயின் வளர்ப்பைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். (நம்மூரில் இன்னும் சாட்டிக்கொண்டிருக்கிறோம்.) 1958-இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோபெரிடால் என்ற மருந்து உருவானது. 1961-இல் பிரான்ஸில் செய்ஞோ என்ற மருத்துவர் அது டிக்கைக் குறைப்பதாக எழுதினார். 1968-இல் நியூயார்க்கின் ஆர்தர், எலைன் ஷாபிரோ தம்பதி 24 வயதுப் பெண் ஒருவர் அதில் தேறியதை வெளியிட்டார்கள். தாய்மார்கள் மேலிருந்த பழி அன்றுதான் இறங்கத் தொடங்கியது.

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ரேயின் கதை இந்த மருந்தைப் பற்றியதுதான். ரே ஜாஸ் இசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். டிக்கின் வேகத்தையே தாளத்தின் வேகமாக மாற்றி வாசித்தவர். 1971-இல் சாக்ஸிடம் வந்தார். கால் மில்லிகிராம் ஹாலோபெரிடால், நாளுக்கு மூன்று வேளை. ஒரு வாரம் கழித்துக் கறுத்துப்போன கண்ணும் உடைந்த மூக்குமாக வந்து நின்றார். சுழலும் கதவுக்குள் டிக்கின் வேகத்தில் பாய்ந்து வெளியேறிப் பழகியவருக்கு, மருந்து வேகத்தைக் குறைத்ததும் நேரக் கணக்கு தப்பிவிட்டது. சில மாதம் பேசி, மனதைத் தயார்ப்படுத்திய பிறகுதான் அதே மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது. அப்போதும் வாசிப்பில் உயிர் போய்விட்டது என்றார். கடைசியில் டாக்டரும் அவரும் கலந்து பேசி, வேலை நாளில் மருந்து, வார இறுதியில் இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக்கு லீவு விட வேண்டாம். அது ஒருவருக்கு, அவருடைய டாக்டரின் கண்காணிப்பில் செய்த ஏற்பாடு. குளோனிடினில் அதைச் செய்தால் முன்பு சொன்ன துள்ளல்தான் நடக்கும். ரேயின் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. மருந்து டிக்கை மட்டும் தொடுவதில்லை, ஆளையே தொடுகிறது என்று சொல்ல ஒரு நோயாளிக்கு இடம் கிடைத்தது. அதைக் கேட்டு அளவை மாற்ற ஒரு டாக்டர் இருந்தார். "மாத்திரை போட்டதுலேர்ந்து மந்தமா இருக்கான், ஆனா டிக் நின்னுடுச்சு, பரவாயில்லை" என்று பெற்றோர் தாங்களாகவே விட்டுவிடக் கூடாது. அந்த மந்தம் டாக்டர் காதுக்குப் போக வேண்டும்.

இதே வரிசையில் வந்த பிமோசைடுக்கு ஓர் எல்லைக் கதை உண்டு. கனடாவில் கிடைத்த அந்த மருந்து அமெரிக்காவில் கிடைக்கவில்லை. டூரெட் கோளாறு உள்ள ஆடம் செலிக்மன் என்ற இளைஞருக்காக வரவழைத்த மருந்தைச் சுங்கத் துறையினர் பறித்துக்கொண்டார்கள். அவருடைய தாய் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனின் அலுவலகத்துக்கு முறையிட்டார். விசாரணை நடந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் 1981-இல் அது கதையாகவே வந்தது. அபூர்வ நோய்களுக்கான மருந்துச் சட்டம் 1983 ஜனவரியில் நிறைவேறியதற்கு அந்தக் குடும்பத்தின் முறையீடும் ஒரு காரணம். அடுத்த ஆண்டே பிமோசைடுக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

புள்ளி எங்கே இருக்கிறது?

ஹாலோபெரிடால் மாத்திரை 0.25 மில்லிகிராமிலும் வருகிறது, 1.5-லும் வருகிறது, 5-லும் வருகிறது, 10-லும் வருகிறது. டிக்குக்குப் பிள்ளைகளுக்கு ஆரம்பிப்பது கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம் என்ற அளவில். 0.25-க்குப் பதில் 5 கைக்கு வந்தால் இருபது மடங்கு. அட்டையில் பெயர் ஒன்றுதான், எழுத்து பொடியாகத்தான் இருக்கும். பெங்களூரில் எழுதிய கம்பெனி ஊத்தங்கரையில் கிடைக்காது. "அதே மருந்துதாங்க, வேற கம்பெனி" என்பார்கள். வேறு கம்பெனியாக இருப்பதில் குற்றமில்லை, மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைப்பதும் அதே மருந்துதான். ஆனால் கம்பெனி மாறும்போது எண்ணும் சேர்ந்து மாறியிருக்கிறதா என்று பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்காகவே காலி அட்டை ஒன்றைத் தூக்கிப் போடாமல் சீட்டோடு பின் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளோனிடினில் குழப்பம் வேறு மாதிரி: 100 மைக்ரோகிராமும் 0.1 மில்லிகிராமும் ஒன்றுதான்.

ஹாலோபெரிடால் ஆரம்பித்த முதல் சில நாள்களில், அதுவும் பையன்களுக்கு, திடீரென்று கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கண் மேலே செருகிப்போகலாம். நாக்கு தடித்தது போலப் பேச்சு குழறும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். வலிப்பு என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள். இது மருந்தால் வரும் தசைப் பிடிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் புரோமெதாசின் போன்ற ஊசியில் பெரும்பாலும் சீக்கிரமே விடும். 108-க்குச் சொல்லும்போதும், டாக்டரிடம் போனதும், பிள்ளை என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வாந்திக்கென்று நம்மூரில் சர்வசாதாரணமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசியும் இதே பிடிப்பைக் கொண்டுவரக்கூடியது. ஹாலோபெரிடால் சாப்பிடும் பிள்ளைக்கு அதைப் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுதான். வாந்தி என்று கிளினிக்குக்குப் போனாலும் இந்த மாத்திரைச் சீட்டு பையில் இருக்க வேண்டும்.

பிமோசைடு இதயத் துடிப்பின் மின்லயத்தை நீட்டக்கூடிய மருந்து. ஆரம்பிக்கும் முன்பும் அளவைக் கூட்டும்போதும் இ.சி.ஜி. எடுப்பார்கள். தொண்டை வலி, சளி என்றால் நாமே கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள் இதனோடு சேரவே கூடாது. கிளாரித்ரோமைசினோடு சேர்ந்து திடீர் மரணம் நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. பிமோசைடு எழுதும் டாக்டர்கள் இப்போது குறைவு. ஆனால் மூன்று நாள் அசித்ரோமைசின் கோர்ஸைச் சீட்டில்லாமல் எடுக்காத வீடு நம்மிடையே எத்தனை?

ரிஸ்பெரிடோனும் அரிபிப்ரசோலும் இன்று அதிகம் எழுதப்படுபவை. டூரெட் கோளாறுக்கு அரிபிப்ரசோலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்தது 2014-இல். ரிஸ்பெரிடோனில் பசியும் எடையும் ஏறும், சிலருக்கு மார்பு வீங்கும். பையன் வெட்கத்தில் சொல்லமாட்டான், கேட்க வேண்டும். அரிபிப்ரசோலில் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பு வரும். அதை டிக் கூடிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். ஹாலோபெரிடால் உட்பட இந்த வகை மருந்துகளை நெடுநாள் எடுக்கும்போது வாய், நாக்கு, விரல்களில் புதிய அசைவு தோன்றுகிறதா என்று பார்ப்பது முக்கியம். மறுபரிசோதனையில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைக் கவனித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டச் சொன்னால் காரணம் அதுதான். எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதும் அதன் பகுதி. வேகாத வெயிலில் இந்த மருந்துகள் உடல் சூட்டைத் தணிக்கும் வேலையைக் கொஞ்சம் கெடுக்கும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. கடுமையான காய்ச்சலோடு உடம்பு விறைத்து, பிள்ளை சுயநினைவு தடுமாறினால் அது காத்திருந்து பார்க்கும் காய்ச்சல் இல்லை. அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

இவையெல்லாம் ஷெட்யூல் ஹெச் மருந்துகள், அதாவது பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டியவை. "நரம்புக்கு நல்லது" என்று வரும் நாட்டு மருந்துப் பொடியை இவற்றோடு சேர்ப்பவர்களும் உண்டு. சர்ப்பகந்தா வேர் அதில் இருந்தால் அது விளையாட்டல்ல. ரத்த அழுத்தத்தைக் குறைக்க அது பயன்படும் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் எழுதியதைப் பார்த்துத்தான் உலகமே அதைத் தேடி வந்தது. அதன் சத்தான ரெசர்பினும், டிக்குக்குத் தரப்படும் டெட்ராபெனசைனும் மூளையில் ஏறக்குறைய ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சு இந்த வேரிடம் செல்லாது.

ஹாஸ்டல் பெட்டியும் பாட்டியின் பையும்

ப்ளஸ் டூ முடிவுகளில் மாநில முதலிடத்தை அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில், 2017-இல் அந்த வழக்கம் நிறுத்தப்படும் வரை, ஊத்தங்கரை என்ற பெயர் அடிக்கடி அடிபட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இந்த ஊரின் அடையாளம். டிக் உச்சத்தில் இருக்கும் பத்து, பன்னிரண்டு வயதுதான் பல பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலில் விடும் வயதும். தேர்வுப் பதற்றமும் தூக்கக் குறைவும் டிக்கைக் கூட்டும். கூடவே புது ரூம்மேட்களின் கிண்டல்.

"ஸ்கூல்ல தெரிஞ்சா சேர்க்கமாட்டாங்க" என்ற பயத்தில் மாத்திரையைப் பையனின் டிரங்குப் பெட்டியில் சட்டைக்கு அடியில் வைத்து அனுப்பும் பெற்றோர் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன் இரவு ஸ்டடி முடிந்து, மற்றவர்கள் பார்க்காதபோது, அரை மாத்திரையாக உடைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டு நாள் மறப்பான். மூன்றாம் நாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போடுவான். குளோனிடினைப் பொறுத்தவரை இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. தவறிய வேளைக்கு ஈடாகச் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தவறிவிட்டால் பழைய அளவிலேயே திரும்ப ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

வார்டனிடம் ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, நேரம், டாக்டர் எண் எழுதிக் கொடுத்து, மாத்திரையை அவர் கையில் ஒப்படைப்பதுதான் வழி. தாளின் கடைசியில் இரண்டு வரி: தாமாக நிறுத்தக் கூடாது, வயிற்றுப்போக்கு வாந்தியில் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் அன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வரியைப் பலர் யோசிப்பதில்லை. ஹாஸ்டலில் ஒரு நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நாள் முழுக்க வாந்தி எடுக்கும் பிள்ளைக்கும், யாரும் நிறுத்தாமலே குளோனிடின் நின்றுதான் போகிறது. பொங்கல் லீவுக்கு வரும்போது மாத்திரையை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வருவதும் அதே கதை. வீட்டில் ஒரு வாரத்துக்குத் தனியாக ஓர் அட்டை இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. அப்பா ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட், அம்மா போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர் என்றால் மாத்திரை கொடுப்பது பாட்டி. பாட்டிக்கும் பி.பி. இருக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கப்பட்டதே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கே வந்து தரும் பாட்டியின் பி.பி. மாத்திரையும், பெங்களூரில் எழுதிய பேரனின் பி.பி. மாத்திரையும் ஒரே பிளாஸ்டிக் கவரில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிக்கு இரண்டும் வெள்ளை வட்டம்தான். இரண்டு டப்பா வாங்கி, ஒன்றின் மேல் பேரனின் போட்டோவை ஒட்டினால் போதும். அந்த டப்பாவும் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், குளோனிடின் ஒன்றிரண்டு மாத்திரைகூட அதை அசாத்தியத் தூக்கத்தில் ஆழ்த்தி, நாடியையும் மூச்சையும் இறக்கிவிடும்.

மருந்து வேலை செய்கிறதா?

இதைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிடக் கடினம். டிக் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். அடுத்த சில வாரத்தில் மருந்து இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தப் பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகும். அதே போல, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது டிக் திடீரென்று ஏறினால் "மாத்திரை பிடிக்கலை" என்று மாற்றச் சொல்வோம். பழைய காலண்டரில் தினமும் ஒரு குறி போதும்: குறைவு, நடுத்தரம், அதிகம். கூடவே தூக்கம், பரீட்சை, காய்ச்சல் என்று ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் பார்த்தால்தான் ஏதாவது புரியும். பையனுக்குத் தெரியும்படி உட்கார்ந்து எண்ணாதீர்கள். கவனித்தாலே டிக் கூடும்.

மருந்தின் குறிக்கோள் டிக்கைத் துடைத்து எடுப்பதல்ல என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். பாதி குறைந்து, பையன் எழுதவும் தூங்கவும் விளையாடவும் முடிகிறதென்றால் அதுவே வெற்றி. மீதிப் பாதியையும் அழிக்க அளவை ஏற்றிக்கொண்டே போவதில்தான் பக்கவிளைவுகள் காத்திருக்கின்றன. மாத்திரையை ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்குவது பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்தான். கல்யாண வீட்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்துக்கு மில்லிகிராம் ஏற்றுவது என்ன நியாயம்?

சந்தேகம் வந்து டாக்டரைப் பிடிக்க முடியாதபோது கேட்க ஓர் எண் உண்டு. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மருந்துக்கடைக்காரரின் கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் முடிவெடுப்பதற்குப் பதில், அந்த எண்ணில் ஒரு தடவை கேட்டுவிடலாம். எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் சீட்டின் ஓரத்தில் "டிக்குக்காக" என்று ஒரு வார்த்தை சேர்த்தால், கடைக்காரருக்கு அந்தக் கேள்வியே எழாது. எழுத இரண்டு நொடிகூட ஆகாது. ஏனோ எழுதுவதில்லை.

பதினைந்து, பதினாறு வயதுக்கு மேல் டிக் தணிந்துகொண்டு வருகிறதென்றால், மருந்து இன்னும் வேண்டுமா என்று நாமே கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது கேட்க வேண்டிய கேள்வி அது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நடுவில் குறைக்க ஆரம்பிக்காமல், தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் தொடங்கலாம். குறைக்கும் நாள்களில் டிக் கொஞ்சம் கூடித் தெரிவது உண்டு. சில மருந்துகளில் புதிய அசைவுகள்கூட வந்து சில வாரத்தில் அடங்கும். அதைப் பார்த்துப் பதறி அடுத்த நாளே பழைய அளவுக்கு ஓட வேண்டியதில்லை. எவ்வளவு கூடினால் போன் செய்ய வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஊருக்குக் கிளம்பும் முன்பே கேட்டு அதே சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது மாத்திரை தொடர்கிறதா இல்லையா என்று வார்டனின் தாளையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.